பதினோராம் நம்பர் வாக்கியம்

போன மாதம் நான் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். சிரிக்காதீர்கள். நம் செட்டில் முட்டி மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறீர்கள், மீசைக்கு மை தடவுகிறவர்கள் இருக்கிறீர்கள், நான் யாரையாவது பார்த்துச் சிரித்தேனா? சிரித்தேன்தான். அது வேறு விஷயம்.

மகன் இருக்கிற வெளிநாட்டுக்குப் போன தடவை போயிருந்தபோது, எதிர்வீட்டு அம்மாள் தினமும் நாயோடு வந்து என்னிடம் பேசினாள். நான் நாயைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் அந்த நாய்க்கே சங்கடமாகிவிட்டது. அதனால்தான் ஊர் திரும்பியதும் காந்திபுரத்தில் ஒரு மாடி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். சுற்றிலும் வேலை தேடுகிற பிள்ளைகள். நடுவில் நான் மட்டும் வேலையை முடித்துக்கொண்டவன்.

முதல் நாளே, சொல்லிக்கொடுக்கிற பெண் என்னைப் பார்த்து, "பிரசன்ட் கன்டினியுவஸுக்கும் சிம்பிள் பாஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க அங்கிள்" என்றாள். நான் எழுந்தேன். நடந்து கதவருகே போனேன். கதவை மெதுவாகத் திறந்துகொண்டே, "ஐ ஆம் ஓப்பனிங் த டோர்" என்றேன். திறந்து முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "ஐ ஓப்பன்ட் த டோர்" என்றேன். வகுப்பே என்னைப் பார்த்தது.

"ஏசி வெளிய போகுதுங்க அங்கிள். கதவைச் சாத்துங்க" என்றாள் அந்தப் பெண்.

அறுபது வருஷத்துக்குப் பிறகும் என் உடம்பு அந்தப் பாடத்தை இப்படித்தான் வைத்திருக்கிறது. அந்தப் பாடம் எப்படி வந்தது என்பதை நம் வயதுக்காரர்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இதில் எனக்கு நல்ல பேர் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். மழை எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஊர். பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே கதவு. நாங்கள் ஐந்தாம் வகுப்பு, பதினெட்டுப் பேர். தலைமை ஆசிரியர் உள்ளூர்க்காரர். அவருக்கு இங்கிலீஷ் என்றால் கையெழுத்து மட்டும்தான். அந்தத் தை மாதம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதற்கென்று ஒரு டீச்சர் வந்தார். போத்தனூர்க்காரர். காங்கேயத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் வருவார்.

டீச்சரின் அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. அவரிடமிருந்து வாங்கிவந்த பழைய கொடிகள் இரண்டு டீச்சரின் பையில் இருக்கும். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. வெயிலில் வெளுத்து, எண்ணெய்க்கறை படிந்து, கிட்டப்போனால் கரிவாசம் அடிக்கும். எங்கள் ஊரில் யாரும் ரயிலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ரயிலே வந்து வகுப்பில் நின்றமாதிரி நாங்கள் அந்தக் கொடிகளைப் பார்த்தோம்.

அவர் பாடம் நடத்தும் முறை இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை, அந்த வேலைக்கு இரண்டு வாக்கியம். பச்சைக்கொடி காட்டினால் வேலையை ஆரம்பிக்க வேண்டும். செய்துகொண்டிருக்கும்போதே 'ஐ ஆம்' என்று ஆரம்பித்து 'இங்' போட்டுச் சொல்ல வேண்டும். சிவப்புக்கொடி காட்டினால் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முடிந்துபோனதாகச் சொல்ல வேண்டும்.

"செய்யாமச் சொன்னா அது பொய்" என்பார் டீச்சர். "செஞ்சு முடிக்காம முடிச்சேன்னு சொன்னா அது பெரிய பொய்."

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள். மூன்றாம் நம்பரான எனக்குக் கதவைத் திறக்கிற வேலை. நான் 'ஓப்பனிங்' என்று வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்து சுவரில் இடித்துவிடும். அப்புறம் திறந்துகொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நாலாம் நம்பர் கதவைச் சாத்துகிறவன். அவனுக்கு வேலை கொடுப்பதே என் பிழைப்பு. ஏழாம் நம்பருக்குப் பந்து எறிகிற வேலை. பந்து ஜன்னல் வழியாகப் போய் ஆட்டுப்பட்டியில் விழுந்த பிறகும் அவன் 'ஐ ஆம் த்ரோயிங்' என்று நின்றுகொண்டிருப்பான். ஒன்பதாம் நம்பர் வாழைப்பழம் சாப்பிடுகிறவன். வகுப்பே அவன் வாயைப் பார்க்கும். தினமும் பழத்துக்கு டீச்சர் எங்கே போவார்? மூன்றாம் நாளிலிருந்து பழம் போய் நிலக்கடலை வந்தது. வாக்கியம் மட்டும் வாழைப்பழமாகவே இருந்தது. பெரிய பொய்யைப் பற்றி அவன் டீச்சரிடம் ஞாபகப்படுத்திப் பார்த்தான். பழம் வரவில்லை.

வேலைகளை டீச்சர் ரிஜிஸ்டர் வரிசைப்படி பிரித்துக் கொடுத்தார். உட்காருவதும் ரிஜிஸ்டர் வரிசைப்படிதான். அதுவரை, ஊருக்கு வெளியே தெற்கு வளவு என்ற தனிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள் நாலு பேர் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த வளவில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் போன்ற தோட்டம் உள்ளவர்களிடம் பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர்கள். பிள்ளைகளைப் பின்னால் உட்காரச் சொன்னது யார் என்று கேட்டால் யாருமில்லை. டீச்சர் வந்த முதல் நாள் நம்பர் கூப்பிட்டு உட்காரவைத்ததில், அந்த நாலு பேரும் எங்களுக்கு நடுவே வந்துவிட்டார்கள். போத்தனூர்க்காரருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்த நாங்கள் சொல்லவில்லை.

பதினோராம் நம்பர், எங்கள் வீட்டுப் பண்ணையத்தில் மாடு பார்த்துக்கொண்டவரின் மகள். அவளுக்கு வந்த வேலை, நாற்காலியில் உட்காருவது.

பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே நாற்காலி. தேக்குமரம், கைவைத்தது. அதன் முதுகில் கறுப்புப் பெயிண்டில் 'உபயம்' என்று எழுதி, கீழே என் அப்பாவின் பெயர், அதற்குக் கீழே அவருடைய அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர். ஒரு நாற்காலிக்கு அவ்வளவு எழுத்து அதிகம்தான். உங்களில் பாதிப்பேருடைய அப்பாக்களும் ஒரு மின்விசிறியாவது உபயம் பண்ணி, இறக்கையில் பேர் எழுதிவைத்தவர்கள், அதனால் என்னை மட்டும் பார்க்காதீர்கள். தலைமை ஆசிரியர் அந்த நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் நுனியில்தான் உட்காருவார். டீச்சர் நன்றாகச் சாய்ந்து உட்காருவார்.

முதல் நாள் பச்சைக்கொடி காட்டியதும் அவள் நாற்காலி வரைக்கும் போய் நின்றுவிட்டாள்.

"உக்காரு."

ஒரு ஓரத்தில், கோழி அடைக்கு உட்காருகிறமாதிரி ஒண்டினாள்.

"நல்லா உக்காரும்மா. உக்காரலைன்னா நீ சொல்றது பொய்யாயிரும்."

அவள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. ரெட்டைப் பின்னலில் ஒன்று அப்பாவின் பெயர் மேல் விழுந்தது. "ஐ ஆம் சிட்டிங் ஆன் த சேர்" என்றாள். சிவப்புக்கொடி. இறங்கினாள், கையைக் கட்டினாள். "ஐ சேட் ஆன் த சேர்." நாங்களெல்லாம் அதற்குப் பிறகும் ஒரு வாரம் 'சிட்டட்' என்றே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. அவளுக்கு முதல் தடவையே வந்தது. வகுப்பில் மூச்சுச் சத்தம் இல்லை. டீச்சர் அதை அவளுடைய உச்சரிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு இடைவேளையில் தலைமை ஆசிரியர் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, அந்த நாற்காலிய வேற புள்ளைக்குக் குடுத்துப்போடுங்களே."

"ரிஜிஸ்டர் வரிசைங்க சார்."

"வரிசை... செரி, வரிசைன்னா வரிசைதானுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலை துப்பப் போய்விட்டார். அவர் எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார்.

டீச்சர் இன்னொரு சட்டமும் போட்டிருந்தார். வகுப்புக்குள் அவரவர் வாக்கியம்தான் அவரவர் பெயர். நான் கதவு. அவன் பந்து, இவன் பழம். அவள் நாற்காலி. வெளியே அவள் என்னைக் கூப்பிட்டால் 'சின்னப்பண்ணாடி' என்றுதான் கூப்பிட வேண்டும். என் அப்பா பண்ணாடி, அதாவது பண்ணையத்து முதலாளி; நான் அவருடைய சின்ன அச்சு. உள்ளே வந்துவிட்டால்,

"டேய் கதவு! நீ ஓப்பனிங் சொல்லி முடிக்கறதுக்குள்ள நாலு ஆடு உள்ள வந்துட்டுப் போயிருமாட்ட இருக்குது" என்பாள்.

"நீ போடி நாற்காலி."

"நான் நாற்காலின்னா நாலு காலுடா. உனக்கு ரெண்டே கீலு. அதும் துருப்புடிச்ச கீலு."

என் கதவைத் திருத்தியதும் அவள்தான். "கதவை முன்னாடி புடிச்சுக்க. வாயைத் தொறந்தப்புறம் கையைத் தொற" என்றாள். அப்படிச் செய்ததும் வாக்கியமும் கதவும் சேர்ந்து வந்தன. அவள் என்னை 'டேய்' என்பது எனக்குப் பிடித்திருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பிடிக்காமல் இல்லை. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளகோவில் மாமா வந்திருந்தார். கோழிக்குழம்பு.

"மாப்ளே, இங்கிலீசெல்லாம் பேசறீங்களாமா? எங்க, நாலு வார்த்தை உடுங்க பாக்கலாம்" என்றார்.

சிறு வயதிலிருந்தே எனக்கு ஒரு வியாதி. யாராவது சிரிப்பார்கள் என்றால் கிணற்றில்கூடக் குதிப்பேன். இரண்டு துண்டை எடுத்துக் கொடியாக்கினேன். பதினெட்டுப் பேரையும் வரிசையாக நடித்துக்காட்ட ஆரம்பித்தேன். பந்து ஆட்டுப்பட்டிக்குப் போனது. பழம் கடலையானது. மாமாவுக்குப் புரையேறியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதுஞ்சாமி, வயிறு வலிக்குது" என்றாள். அப்பாவின் மீசைகூட லேசாக நகர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உலகத்தையே ஜெயித்தமாதிரி இருந்தது.

பதினோராம் நம்பர் வந்தது. அப்பாவின் சாய்வு நாற்காலியில் முதலில் ஓரமாக ஒண்டி, பிறகு பின்னால் நகர்ந்து, காலைத் தொங்கவிட்டு, அவள் குரலிலேயே சொன்னேன்.

"யாருடா அது?" என்றார் அப்பா.

"நம்ம மாட்டுக்காரர் புள்ளைங்கப்பா."

"எந்த நாற்காலி?"

"நம்ம நாற்காலிதானுங்கப்பா. உபய நாற்காலி."

முதலில் அம்மாவின் சிரிப்பு நின்றது. மாமா இலையைப் பார்த்துக்கொண்டு எலும்பைப் புரட்டினார். யாரும் சிரிக்கவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சரியாக நடிக்கவில்லை என்று நினைத்தேன். அதனால் மறுபடியும் நடித்தேன். இந்தத் தடவை இன்னும் நன்றாக. காலைக்கூட ஆட்டிக் காட்டினேன்.

"செரி, சோத்தைத் தின்னு" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். துண்டு கக்கத்தில் இருந்தது. வாசற்படிக்கு வெளியேதான் நின்றார்.

"டீச்சரம்மா, புள்ளைய நிறுத்திக்கறனுங்க."

"எதுக்குங்க?"

"ஆடு மேய்க்க ஆளில்லீங்க."

"போன வாரம் வரைக்கும் யாருங்க மேய்ச்சது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "போன வாரம் ஆடு சிறுசா இருந்துச்சுங்க."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். பதினோராம் நம்பர் மட்டும் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பென்றால் நான் இல்லாமலா?

தலைமை ஆசிரியர் டீச்சரைக் கதவோரம் அழைத்துப்போய்ப் பேசினார். கதவோரம் என் இடம். எல்லாம் காதில் விழுந்தது.

"நான் அன்னைக்கே சொன்னனுங்கல்ல அம்மணி."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சார் சம்பந்தம்?"

"பண்ணாடி ஒண்ணுஞ் சொல்லுலீங்க. அவரு எப்பவுமே ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. மாசியில இன்ஸ்பெக்சன் வருது. பள்ளிக்கூடக் கமிட்டிக்காரங்கெல்லாம் முன்னாடி வந்து உக்காருவாங்க. அவங்க கண்ணு முன்னால இந்தப் புள்ளை அதுல ஏறி உக்காந்தா, அப்பனுக்குப் பண்ணையம் இருக்குமுங்களா? வாக்கியத்தை மாத்திப்போடுங்க, புள்ளை பள்ளிக்கூடத்துல இருப்பா. மாத்துலீன்னா இன்னைக்கோட செரி."

டீச்சர் பச்சைக்கொடியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வெகுநேரம் நின்றார். பிறகு அவளுடைய அப்பாவிடம் போய், "நாற்காலி இல்லீங்க, வேற குடுத்தர்றேன். புள்ளைய மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படீங்களா, அப்பச் செரிங்க" என்று போய்விட்டார். ஆட்டைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அடுத்த நாள் டீச்சர் அவளுக்குப் புது வாக்கியம் கொண்டுவந்தார். மூலையில் சாத்தியிருந்த சீமாற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "ஐ ஆம் ஸ்வீப்பிங் த ஃப்ளோர். ஐ ஸ்வெப்ட் த ஃப்ளோர். இந்தக் கிளாஸ்லயே கஷ்டமான வார்த்தை இது. கெட்டிக்காரப் புள்ளைக்குத்தான் குடுக்க முடியும்" என்றார்.

அந்தச் சீமாறு அவளுக்குப் புதிதில்லை. தினமும் காலையில் எங்களுக்கு முன்னால் வந்து பள்ளிக்கூடத்தைக் கூட்டுவது தெற்கு வளவுப் பிள்ளைகள்தான். டீச்சர் ஒன்பதரை பஸ்ஸில் வருகிறவர், அதைப் பார்த்ததில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. இப்போது நினைத்தால் அவருக்கு இருபத்திரண்டு வயதுதான் இருந்திருக்கும். என் மகளைவிடச் சின்னப் பெண். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாற்காலி வாக்கியம் சும்மா கிடந்தது. "கதவே நாற்காலியும் சேத்துச் சொல்லட்டும். அவங்கப்பா குடுத்ததுதானே" என்றார் தலைமை ஆசிரியர். இப்படியாக, வகுப்பில் இரண்டு வாக்கியம் உள்ள ஒரே ஆள் நான் ஆனேன்.

இடைவேளையில் அவள் வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"நீதான ஊட்டுல சொன்ன?"

"நானில்ல."

"அப்ப அந்த நாற்காலியே நடந்து வந்து உங்கப்பன்கிட்டச் சொல்லுச்சாக்கு?"

"நான் சும்மா நடிச்சுத்தான் காட்டுனேன். உன்னைய மட்டுமில்ல, எல்லாரையுந்தான்."

"என்னைய எப்படி நடிச்ச?"

நான் மரப்பட்டையை நகத்தால் கீறினேன்.

"நடி, பாக்கலாம்."

நடித்துக்காட்டு என்று ஒருவர் கேட்டு நான் நடிக்காமல் நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"எங்க, நடிடா" என்றாள் மறுபடியும். மணி அடித்தது. உள்ளே போய்விட்டோம்.

அதற்குப் பிறகு ஒத்திகைகளில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. பச்சைக்கு இரண்டு இழுப்பு இழுப்பாள், சிவப்புக்கு நிறுத்துவாள், சீமாற்றைக் கக்கத்தில் வைத்துக் கையைக் கட்டி, 'ஸ்வெப்ட்' என்பாள். அந்த 'ட்' தனியாகக் காதில் விழும். என்னோடு பேசுவது நின்றுபோனது. டீச்சருக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றியது. எனக்கும்தான்.

மாசியில் இன்ஸ்பெக்ஷன் வந்தது. சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, தரையைச் சாணம் போட்டு மெழுகி, அறையில் இரண்டு வாசமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டிலிருந்து நாலு நாற்காலி மாட்டுவண்டியில் வந்து இறங்கின. இன்ஸ்பெக்டர் நடுவில், பக்கத்தில் அப்பா, இரண்டு பக்கமும் கமிட்டிக்காரர்கள். உபய நாற்காலி காலியாக ஒரு ஓரத்தில், எனக்காக. இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் இளநீர்.

டீச்சர் கொடிகளோடு நின்றார். முதல் ஆள் தப்பாக ஆரம்பித்துச் சரியாக முடித்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, பிறகு கையைத் திறந்தேன். அச்சுப் பிசகாமல் வந்தது. நாலாம் நம்பர் சாத்தினான். பந்தை இன்ஸ்பெக்டரே கைக்குட்டையோடு பிடித்தார். அன்றைக்கு மட்டும் நிஜ வாழைப்பழம். ஒன்பதாம் நம்பர் பதற்றத்தில் பழத்தை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, 'ஈட்டிங்' சொல்வதா 'ஏட்' சொல்வதா என்று தெரியாமல் விழித்தான். எல்லோரும் சிரித்தார்கள். தோல் கீழே கிடந்தது.

பதினோராம் நம்பர் எழுந்து சீமாற்றை எடுத்தாள். பச்சைக்கொடி.

"ஐ ஆம் ஸ்வீப்பிங் த ஃப்ளோர்."

ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. சிவப்புக்கொடி ஏறியது. அவள் நிறுத்தவில்லை.

மூன்றாவது இழுப்பு. நாலாவது. வேகமும் இல்லை, நிதானமும் இல்லை. தினமும் காலையில் எப்படிக் கூட்டுவாளோ அப்படி. டீச்சர் கொடியை ஆட்டினார். "போதும்மா" என்றார் மெதுவாக. அவள் குனிந்தபடியே சாக்பீஸ் தூளையும் வாழைத்தோலையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். ஓரத்துக் கமிட்டிக்காரர் காலைத் தூக்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் இளநீரோடு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அடுத்தது அப்பா.

அப்பா காலைத் தூக்கவில்லை.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, நகரவும் இல்லை. சீமாறு அவர் செருப்புக்கு முன்னால் ஒரே இடத்தில் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் மட்டும்தான். டீச்சர் சிவப்புக்கொடியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா காலைத் தூக்கினார். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று.

அவர் நாற்காலிக்கு அடியிலும் கூட்டி, மிச்சமிருந்தவர் காலடியிலும் கூட்டி, குப்பையைக் கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள். கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் நான்.

"தொற" என்றாள்.

திறந்தேன். வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. குப்பை வாசற்படியைத் தாண்டியது. அவளும் தாண்டினாள். கிளுவை வேலி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், குப்பையை அங்கே விட்டு, சீமாற்றை வேலியில் சாய்த்துவிட்டுத் தெற்கே நடந்தாள். ஓடவில்லை.

"வெரி குட்! வெரி நேச்சுரல்!" என்று இன்ஸ்பெக்டர் இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். அதுவும் பாடத்தில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார். கமிட்டிக்காரர்கள் தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். டீச்சர் இரண்டு கொடியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மிச்சம் ஏழு பேரும் சொல்லி முடித்தார்கள். கடைசியில் நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து, உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். எழுந்து, உட்கார்ந்தேன் என்று சொன்னேன். உண்மையைச் சொல்வதென்றால், நாற்காலி சௌகரியமாகத்தான் இருந்தது. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றியதாக எழுதிவிடலாம். எழுத வரவில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, அவள் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவளுடைய அப்பா எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார்.

"புள்ளை தெரியாமச் செஞ்சுபோட்டாளுங்க பண்ணாடி."

"என்ன செஞ்சுபோட்டா? நல்லாத்தானே கூட்டுனா. இன்ஸ்பெக்டரே கை தட்டுனாரு."

அவர் துண்டைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"கையி சுத்தமா இருக்குது புள்ளைக்கு. திங்கக்கெழமையிலிருந்து நம்ம வாசலுக்கு வரச்சொல்லு."

"செரிங்க பண்ணாடி."

அப்பா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை தூரம் வந்தேன். அது ஒருவருக்கு நல்லது செய்கிறபோது வருகிற குரல். சாகும்வரை, அந்தக் குடும்பத்துக்குத் தான் ஒரு நல்லது செய்ததாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களிடம் சொல்லவும் சொல்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். தலைகூட ஆட்டியிருக்கிறேன்.

டீச்சர் இரண்டு தடவை தெற்கு வளவுக்குப் போய்வந்தார். மூன்றாம் தடவை போகவில்லை. அடுத்த ஜூனில் போத்தனூர்ப் பக்கமே மாற்றல் வாங்கிப் போய்விட்டார். அவள் ஐந்தாறு வருஷம் எங்கள் வாசலில் இருந்தாள். பிறகு கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அந்த முதல் திங்கட்கிழமையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். பைக்கட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கூட்டி முடித்திருந்தாள். இன்னும் ஒரு கால் படவில்லை. இறங்கலாமா என்று நின்றேன். ஏதாவது தமாஷாகச் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது ஞாபகமில்லை. நல்லவேளை.

அவள் நிமிர்ந்தாள்.

"இன்னைக்கு மொதல்ல என்ன பாடமுங்க?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை முதல் மணி இங்கிலீஷ். அது அவளுக்கும் தெரியும்.

"கணக்கு" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கணக்குன்னாப் பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு, நான் போவதற்காக ஓரமாக நகர்ந்து நின்றாள்.